குண்டுக்குப் பூசும் நெய்

இரவு முழுக்க வயல்காவல் இருந்துவிட்டுக் காலை ஏழரைக்கு வட்டையிலிருந்து வந்த உதயரூபன் முகம்கூடக் கழுவாமல் நேரே வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போய்க் குந்தினான். வதனி தேத்தண்ணியோடு அங்கே போனபோது மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டியிருந்தான். பழைய வீச்சுவலையிலிருந்து கழற்றிய ஈயமணிகளை ஒவ்வொன்றாக ஒரு தகரப்பேணிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"படுக்கல்லயா?"

"படுத்தா இத ஆர் ஊத்துற?"

அவனுடைய கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. வதனி தேத்தண்ணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு நின்றாள். இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். இப்போது ஒரு நாளில் ஒரு மணித்தியாலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அதிலும் பாதி நேரம் அவன் கண்ணை மூடிக்கொண்டிருப்பான்.

சின்னப்போக வேளாண்மை முற்றிவிட்டது. வெட்டுகிற மெசின் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. உதயரூபனின் மூன்று ஏக்கரும் ஏறாவூர் மஜீட்டின் நாலு ஏக்கரும் ஒரே வரம்பில் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. காட்டுப்பன்றிகள் ஒருமுறை உள்ளே இறங்கினால் தின்பது கொஞ்சம், உழக்கிப் போடுவது அரை ஏக்கர். அதனால் ஐந்து வருடமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் காவல். ஒருவர் படுக்க மற்றவர் விழித்திருப்பார். உதயரூபனின் பெயரில் லைசன் எடுத்த இடியன் துவக்கு ஒன்று இருந்தது. வாய்ப்பக்கமாக வெடிமருந்தைப் போட்டு, குண்டை இடித்து இறக்குகிற பழைய சாதித் துவக்கு.

போன வியாழக்கிழமை பின்னேரம் பன்றியொன்று மஜீட்டின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பதினொரு தையல். அன்றிலிருந்து உதயரூபன் தனியாகத்தான் காவலுக்குப் போகிறான். ஆறு இரவாக ஒழுங்கான நித்திரை இல்லை.

ஈயம் உருகி, மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது. அவன் அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு இரும்பு அச்சுக்குள் ஊற்றினான். சிறிது பொறுத்து அச்சை விரித்துத் தட்டியபோது, சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு குண்டு சாக்கின் மேல் விழுந்தது.

"இத எதுல சுத்தி அடிக்கிறதெண்டுதான் தெரியல்ல" என்றான். "இருந்த பூச்சு சரியில்ல."



குண்டை அப்படியே குழலுக்குள் போடுவதில்லை. வதனியின் தையல் மெசினடியில் மிஞ்சும் பருத்தித் துணியை வட்டமாக வெட்டி, அதில் கொழுப்புப் பூசி, அந்தத் துணியில் குண்டைப் பொதிந்துதான் இறக்க வேண்டும். கொழுப்பு இருந்தால்தான் குண்டு வழுக்கி இறங்கும், ஈயமும் குழலில் ஒட்டாது. அந்தப் பூச்சை ஒவ்வொரு போகத்துக்கும் மஜீட்டின் மனைவி நஸீறா செய்து தருவாள். மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கி, ஒரு பால்மா டின் நிறைய அனுப்புவாள்.

"அண்டைக்குக் குண்டக் கழட்டிப் பாத்தன், வதனி. மருந்தெல்லாம் எண்ணெயில ஊறிக் களியாக் கிடக்கு. மூணு மணிக்கு இடிச்சு வச்ச துவக்கு. தகரக் கொட்டில் சூட்டில பூச்சு உருகி உள்ள இறங்கிட்டு. பண்டி வரக்குள்ள இழுத்தா, சிட்டெண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். மஜீட் காக்கா வரம்பில நிண்டு கத்திக்கொண்டு நிக்காரு. அது நேர அவருக்கிட்டத்தான் போகுது."

"அதுக்குக் காக்கா என்ன செய்யிற?"

"அவருக்கிட்டயே கேட்டிட்டன், ஆசுபத்திரி வாசல்ல வச்சு. பழங் கொழுப்ப உருக்கித் தந்து ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தீங்களா, உங்கட மனிசிக்கு ஒரு டின் ஒழுங்காச் செய்யத் தெரியாதா எண்டு." அவன் அச்சை மூடினான். "சொல்லியிருக்கக் கூடாதான். வாயில வந்திட்டு. அதுக்குப் பிறகு அவர் போன் எடுக்கல்ல. நானும் எடுக்கல்ல."

 காயம் ஆறும்வரை மஜீட் வரமாட்டார் என்றுதான் வதனி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்படி ஒரு சொல் நடுவில் விழுந்து கிடப்பது அவளுக்குத் தெரியாது.

அந்தப் பூச்சு நஸீறா செய்தது அல்ல. வதனி செய்தது.

முருகன் கோயிலில் கொடியேறிய அன்று காலையில், வட்டைக்குப் போக முதல் உதயரூபன் வாசலில் நின்று துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் வேலை. பூச்சுத் துணியை உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் செய்வான். அவள் அன்றுதான் அதை உற்றுப் பார்த்தாள். கொடியேறினால் தீர்த்தத் திருவிழா வரைக்கும் ஊரில் யாரும் மச்சமாமிசம் தொடுவதில்லை. அவள் சட்டிபானை முழுவதையும் சாம்பல் போட்டு மினுக்கி வைத்திருந்தாள். இந்த மனுசன் மாட்டுக்கொழுப்பை வாயில் வைத்துக்கொண்டு, பின்னேரம் அதே வாயால் அரோகரா சொல்லப் போகிறான்.

"தின்னுறது துவக்கு, நானில்ல" என்று அவன் அன்று சிரித்தான்.

அவன் குளிக்கப் போன நேரம் அவள் டின்னில் இருந்ததைச் சுரண்டித் தேசி மரத்தடியில் புதைத்தாள். டின்னைக் கழுவி, தேங்காயெண்ணெயில் இரண்டு மெழுகுதிரியை உருக்கி ஊற்றினாள். மறுநாள் விடிய அது உறைந்து, பழையதைப் போலவே வெள்ளையாக இருந்தது. எண்ணெய்ப் பசை என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தாள். பகல் சூட்டில் அது என்னவாகும் என்று யோசிக்கவில்லை.

இப்போது சொல்லியிருக்கலாம். அவன் எதிரில்தான் குந்தியிருந்தான். ஆனால் அவன் அடுத்த குண்டைத் தட்டி விழுத்திவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். பத்து எண்ணுவதற்குள் குறட்டை வந்தது. வதனி நெருப்பில் தண்ணீர் தெளித்தாள். உள்ளே போய்ச் சாரி மாற்றிக்கொண்டு, பஸ் எடுத்து ஏறாவூருக்குப் போனாள்.

நஸீறா கதவைத் திறந்தாள். வழக்கமாக என்றால் "வா புள்ள" என்று கையைப் பிடித்துக் குசினி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு முன் விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எடுத்துப் போட்டாள்.

"இரு தங்கச்சி."

"காக்காக்கு எப்பிடி, றாத்தா?"

"உள்ள கிடக்காரு. நாளண்டைக்குத் தையல் வெட்டுற." நஸீறா நின்றுகொண்டே முந்தானையைச் சரிசெய்தாள். "உன்ட மனிசன் சொன்னது உனக்குத் தெரியுமோ தெரியா. எனக்கு ஒரு டின் செய்யத் தெரியாதாம். அஞ்சு வருசமாத் தெரிஞ்சது இந்த வருசம் மறந்திட்டாம். நானும் ஆறு நாளா யோசிக்கன். மெழுகக் குறைச்சிட்டனோ, கொழுப்பு சரியா வடியல்லையோ எண்டு. மிச்சம் இருந்ததையும் தூக்கி வீசிட்டன். இனி அந்தச் சட்டிய நான் அடுப்பில வைக்கமாட்டன். என்ட கையாலதான் அவருக்கு இப்பிடி நடந்ததெண்டா—"



"உங்கட கையால இல்ல, றாத்தா" என்றாள் வதனி. "என்ட கையால."

முழுவதையும் சொன்னாள். கொடி, உதட்டில் கவ்விய துணி, தேசி மரம், தேங்காயெண்ணெய், மெழுகுதிரி. சொல்லச் சொல்ல அது எவ்வளவு மடத்தனம் என்று அவளுக்கே கேட்டது. நஸீறா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பதினொரு தையல், புள்ள."

"ஓம்."

"ரெண்டங்குலம் மேல பட்டிருந்தா ஆள் மவுத்து."

"ஓம், றாத்தா."

"ஓம் ஓம் எண்டாதே! ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல? ஒரு போன். கொடியேறிட்டு றாத்தா, இந்தச் சாமான் இப்ப எங்களுக்கு ஆகாது எண்டு ஒரு வார்த்த. நான் வேற செஞ்சு தரமாட்டனா?"

"வெக்கமா இருந்திச்சு. உங்கட வீட்டுச் சாமான அருவருத்த மாதிரி ஆகிடுமெண்டு."

"நோன்பு நாளையில என்ட வாசலுக்கு வந்தா நீ ஒரு மிடறு தண்ணி குடிக்கிறயா? இல்லையே. நானா சொன்ன குடிக்காதே எண்டு? நீயாத்தானே அப்பிடி இருக்காய். உனக்கு மட்டுந்தான் அந்த மரியாதை தெரியும், எனக்குத் தெரியாதெண்டு நினைச்சயா?"

வதனி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும். மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.  றோட்டில் ஒரு மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

உள்ளேயிருந்து மஜீட்டின் குரல் வந்தது.

"மெழுகுதிரியா ஊத்தின?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சாள், உங்களுக்கிட்டத்தான் கேக்கன். தேங்கெண்ணெயும் மெழுகுதிரியுமா? துவக்க என்ன, கோயில் விளக்கெண்டு நினைச்சயளா?"

"காக்கா, மன்னிச்சிக்கங்க."

"மன்னிக்கிறது கிடக்கட்டும். என்ட கவலை வேற. என்ன முட்டினது போயும் போயும் பண்டி. ஊருல வெளிய சொல்லேலுமா? பள்ளியில கேக்கிற ஆக்களுக்கெல்லாம் மாடு முட்டினதெண்டு சொல்லி வச்சிருக்கன். எந்த மாடு, ஆருட மாடெண்டு விசாரிக்கானுகள். நாளைக்கு ஒரு ஏழைட மாட்டப் புடிச்சிக் கட்டப் போறானுகள்."

நஸீறாவின் வாயோரம் ஒரு நொடி துடித்தது. உடனே அதை இறுக்கிக்கொண்டாள்.

"பகிடிக்கு மட்டும் குறைவில்ல" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு வதனியிடம், "அவன் இப்ப எதப் பூசிச் சுடுறான்?"

"ஒண்டுமில்ல. காலம குண்டு ஊத்திக்கொண்டு இருந்தாரு. எதுல சுத்துறதெண்டு தெரியாம நித்திரையாகிட்டாரு."

நஸீறா பெருமூச்சு விட்டாள். எழும்பி உள்ளே போனாள். அந்தச் சட்டியை இனித் தொடமாட்டேன் என்று சொல்லிப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதே சட்டியும் ஒரு கட்டித் தேன்மெழுகுமாகத் திரும்பி வந்தாள்.

"எழும்பு. உங்கட முருகனுக்கும் ஆகணும், துவக்குக்கும் ஆகணும். என்ன இருக்கெண்டு பாப்பம்."

குசினியில் இருந்ததையெல்லாம் இறக்கினார்கள். நல்லெண்ணெய், மாஜரின், ஆமணக்கெண்ணெய். கடைசியாக ஒரு போத்தல் பசுநெய்யும் வந்தது. நஸீறா மெழுகைச் சீவித் தர, வதனி ஒவ்வொன்றோடும் சேர்த்துத் தனித்தனியாக உருக்கினாள். துணி வட்டங்களில் தொட்டு, பின்வளவில் வெயில் கொதிக்கிற ஒரு தகரத்தின் மேல் வரிசையாக வைத்தார்கள். மஜீட் கட்டிலில் கிடந்தபடியே கத்தினார்.

"நகத்தால கீறினாக் கோடு விழணும். பெருவிரல வச்சு அழுத்தினா ஒட்டக் கூடா. அதுதான் கணக்கு. றாத்தா சொல்லித் தரல்லையா?"

"உங்களுக்குச் சொல்லித் தந்ததே நான்" என்றாள் நஸீறா.

பாக்குச் சீவல் காயப்போட்ட வீட்டில் மழைக்குக் காவல் இருப்பதுபோல் இரண்டு பெண்களும் நிழலில் குந்தித் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் மாஜரின் இளகித் துணியை விட்டு ஓடியது. நல்லெண்ணெய் வேர்த்தது; துணியைச் சுற்றித் தகரத்தில் ஈரவளையம் விழுந்தது. ஆமணக்கெண்ணெய் ஓடவில்லை. ஆனால் விரலில் பிசினாக இழுபட்டது. குழலில் கறுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று மஜீட் உள்ளேயிருந்து தள்ளிவிட்டார். நெய்யும் மெழுகும் சமமாகச் சேர்ந்தது சற்று மினுங்கியது. நெய் ஒரு பங்குக்கு மெழுகு இரண்டு பங்கு போட்ட துணிமட்டும் அரை மணித்தியாலம் கழிந்தும் வைத்தது வைத்தபடி கிடந்தது.

வதனி நகத்தால் கீறினாள். கோடு விழுந்தது. பெருவிரலை வைத்து எடுத்தாள். விரல் காய்ந்திருந்தது.

"இதான்" என்றாள் நஸீறா. "அந்தக் கொழுப்பும் மாட்டிலதான் வந்த, இந்த நெய்யும் மாட்டிலதான் வந்த. அது ஆகாதாம், இது ஆகுமாம்."

"இதச் சாமிக்கே வைக்கிற, றாத்தா."

"சாமிக்குத் தெரிஞ்சாச் சரி. துவக்குக்கு இதெல்லாம் தெரியா, அதுக்குச் சூடுதான் தெரியும்." அவள் மீதியை ஒரு புது டின்னில் ஊற்றி மூடினாள். மூடிய டின்னைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இன்னும் ஆறல்ல, வதனி. உன்னில இல்ல. அவன் சொன்ன சொல்லில."

"தெரியும்."

புறப்படும்போது மஜீட் கூப்பிட்டார். "மச்சாள், தம்பிக்கிட்ட ஒண்டும் சொல்லவேணாம். மருந்து பழுதெண்டு நான் போன் பண்ணிச் சொல்லிர்றன். வீட்டுக்குள்ள சண்டை எதுக்கு?"

வதனி வாசலில் நின்றாள். அந்தப் பொய் எவ்வளவு வசதியானது என்று அவளுடைய களைத்த உடம்பு முழுவதும் சொன்னது.

"வேணாம், காக்கா. நான் சொல்லுறன். நான் சொன்னாத்தான் அவர் றாத்தாட முகத்தப் பாப்பாரு."

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. உதயரூபன் எழும்பிக் குளித்து, திருநீறு பூசி, ஊற்றிய குண்டுகளின் பிசிர்களைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தான். வதனி டின்னை அவனுக்கு முன்னால் வைத்தாள். நின்றபடியே சொல்லி முடித்தாள். எதையும் குறைக்கவில்லை.

அவன் கத்தியை வைத்தான். நெடுநேரம் தேசி மரத்தடியைப் பார்த்தான். ஏசுவான் என்று அவள் நினைத்தாள். ஏசினால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் டின்னைத் திறந்து நகத்தால் ஒரு கோடு கீறினான்.

"எவ்வளவு மெழுகு?"

"நெய்யப் போல ரெண்டு பங்கு."

"ம்."

 பிறகு, அவளுக்கா தனக்கா என்று தெரியாமல், "காயப்பட்டுக் கிடந்த மனுசனுக்குச் சொன்னன், வதனி. ரெத்தம் ஓடக்குள்ள சொன்னன்" என்றான். "நீ எண்ணெய மாத்தினாய். அத நான் இப்ப மாத்திப் பூசிருவன். நான் சொன்னத என்ன செய்யிற?"

அவன் போனை எடுத்தான். இரண்டு முறை வைத்துவிட்டு மூன்றாம் முறை அழைத்தான். மறுபக்கம் மஜீட்டின் குரல் வதனிக்கும் கேட்டது.

"காக்கா, அண்டைக்கு நான் சொன்னது..."

"போன்ல சொல்லாதே, தம்பி. எனக்குச் சொன்னாப் போதாது. டின் செஞ்ச ஆளுக்குச் சொல்லணும். அவ போனுக்கு வரமாட்டா."

"நாளைக்குக் காலம வட்டையால வந்து நேர அங்கதான் வாறன்."

"வா. ஏச்சுத்தான் கிடைக்கும். வாங்கிட்டுச் சாப்பிட்டுப் போ, மரக்கறிதான் ஆக்கச் சொல்லுறன். குண்டு எத்தின ஊத்தின?"

"இருபது."

"பாதிய எனக்கு வையி. நாளண்டைக்குத் தையல் வெட்டினா, அண்டைக்குப் பின்னேரமே வாறன். ஓடேலாதுதான். பரணில இருந்து சுடேலும்."

உதயரூபன் போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தான். துண்டை உடனே எடுக்கவில்லை.

வதனி உள்ளே போய் ஒரு சாப்பாட்டுப் பாத்திரத்தில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் போட்டுக் கட்டினாள். பழைய போர்வை ஒன்றை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் நின்றாள்.

"எங்க போற?"

"வட்டைக்கு. இண்டைக்கும் நாளைக்கும் நான் வாறன். நீங்க படுங்க, நான் முழிச்சிருக்கன்."

"நுளம்பு கடிச்சே தின்னும்."

"இஞ்ச மட்டும் என்ன, தின்னாமலா விடுது?"

"பண்டி வந்தா?"

"உங்கள எழுப்புவன். எழும்பாட்டி உதைப்பன்."

அவன் மறுக்கப் பார்த்தான். ஆனால் மறுக்கவும் தெம்பு இருக்கவில்லை. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை உதைத்தான்.

பரணில் ஏறியபோது வெயில் இன்னும் சாயவில்லை. தகரக் கூரை அனல் வீசியது. கீழே ஏழு ஏக்கரும் பொன்னாகப் பழுத்துத் தலைகுனிந்து நின்றன. உதயரூபன் துவக்கை நிறுத்தி மருந்தை அளந்து போட்டான். வதனி ஒரு துணி வட்டத்தில் நெய்மெழுகைத் தடவிக் கொடுத்தாள். இரண்டு கையிலும் வேலையாக இருந்ததால், அவன் பழக்கதோசத்தில் அதை உதடுகளுக்கு நடுவில் கவ்வினான். கவ்விய பிறகுதான் நினைவு வந்ததுபோல் அப்படியே நின்று அவளைப் பார்த்தான்.

"வச்சிக்கங்க" என்றாள் அவள். "நெய்தான்."

அவன் குண்டைத் துணியில் பொதிந்து, கம்பியால் இடித்து இறக்கினான். சிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. துவக்கை மூலையில் சாத்திவிட்டு, "ஒரு மணித்தியாலத்தால கழட்டிப் பாக்கணும், மருந்து காஞ்சிருக்கா எண்டு" என்றான்.

"பாப்பம். முதல்ல படுங்க."

போர்வையை விரிக்க முன்னமே அவன் அவளுடைய மடியில் தலையை வைத்து நீட்டி நிமிர்ந்துவிட்டான். உதட்டோரத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருந்தது. வதனி அதைப் பெருவிரலால் துடைத்துவிட்டு, காட்டோரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கியபின் அவனை எழுப்பாமல் கையை நீட்டித் துவக்கின் குழலைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இன்னும் இருந்தது. குழலின் வாயில் விரலை விட்டுத் தடவினாள். எண்ணெய் ஒரு பொட்டும் கசியவில்லை.

அவன் ஒரு மணித்தியாலம் என்றுதான் சொன்னான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.